போகாத பேய்

தமிழில் பேய்ப்படம் சிரிப்புப்படமாகிவிட்டது பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அது பயமுறுத்துவதில்லை என்பது. என் குறை வேறு. இந்தப் படங்களில் பேய் வெகு சீக்கிரம் சமாதானமாகிவிடுகிறது.

ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முன்னதில் ஓர் அரசியல்வாதியை நம்பி அவனாலேயே கொல்லப்பட்டவன் பேயாக வருகிறான். பின்னதில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வாங்கிய திருநங்கை, அந்த நிலத்துக்காகவே கொல்லப்படுகிறாள். இரண்டு பேய்களிடமும் நியாயம் இருக்கிறது. நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரத்தின் மேல் ஒரு வழக்குப் பதிவாகிவிடுகிறது. ஆனால் பிரதிவாதி ஒரே ஒரு ஆள். அவன் செத்ததும் வழக்கு முடிந்தது. காஞ்சனா கடைசியில் போய்விடுவதில்லையே என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் அவள் தங்குவது கதாநாயகனுக்குத் துணைப்பலமாக. பார்வையாளன் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். இங்கே கேலி உண்டு, அங்கதம் இல்லை.

வங்காளத்தில் அனிக் தத்தா 2012இல் எடுத்த 'பூதேர் பவிஷ்யத்' இதற்கு நேரெதிர். விளம்பரப் படங்களிலிருந்து வந்தவரின் முதல் படம். கல்கத்தாவின் பழைய மாளிகை ஒன்றில் ஜமீன்தார், வெள்ளைக்காரன், ரிக்‌ஷாக்காரன், அகதி, அந்தக் காலத்து சினிமா நடிகை எல்லோரும் பேய்களாகக் கூடி வாழ்கிறார்கள். புதிதாக வரும் பேய்களை நேர்முகம் கண்டு சேர்த்துக்கொள்கிறார்கள். மாளிகையை இடித்து ஷாப்பிங் மால் கட்ட ஒருவன் வருகிறான். இந்தப் பேய்கள் கேட்பது பழி அல்ல, இருக்க இடம். 'பூத்' என்ற சொல்லுக்கு அங்கே பேய், கடந்த காலம் என்று இரண்டு அர்த்தம். நம் இலக்கணமும் கடந்ததை இறந்தகாலம் என்றுதானே சொல்கிறது? இறந்தகாலத்துக்கு எதிர்காலம் உண்டா என்பதே படத்தின் கேள்வி. படம் நன்றாக ஓடியது, ஜனங்கள் சிரித்தார்கள்.

அதே இயக்குநர் தலைப்பைத் திருப்பிப்போட்டு 'பவிஷ்யதேர் பூத்' எடுத்தார். காலாவதியாகிப்போன, ஒதுக்கப்பட்ட பேய்கள் தங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று நிரூபிக்க முயலும் அரசியல் அங்கதம். 2019 பிப்ரவரி 15 அன்று வெளியான படம் மறுநாளே பெரும்பாலான தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பே, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற அந்தப் படத்தைத் தங்கள் அதிகாரிகளுக்கு முன்கூட்டிப் போட்டுக்காட்டச் சொல்லி கல்கத்தா போலீஸ் கடிதம் எழுதியிருந்தது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏப்ரல் 11 அன்று சந்திரசூட், ஹேமந்த் குப்தா அமர்வு, மேற்கு வங்க அரசு 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு துணைக்கு அழைத்த முன்மாதிரிகளில் ஒன்று நம்முடையது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்காக 1989இல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பு. இடஒதுக்கீடு பற்றிய அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அதைக் காட்டும் உரிமையோடு உண்டு. கலவரம் வரும் என்று சொல்லி அரசு ஒதுங்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பதே அதன் கடமை என்று அப்போதே நிலைநாட்டியாயிற்று. நம் படத்தால் கிடைத்த சுதந்திரம் வங்காளப் பேய்களுக்கு உதவியது. நம் பேய்களுக்கோ அது தேவையே படவில்லை. ஓர் எம்.எல்.ஏ.யைக் கொன்றுவிட்டு அடங்கும் பேயிடம் எந்த அரசுக்கு என்ன பயம்?

இதற்கு மரபைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வாசுதேவநல்லூர் கிடக்கும் இதே மலையடிவாரத்தில், தெற்கே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் இருக்கிறான். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கப்போய் வெட்டுப்பட்டவன். அவனை யாரும் ஓட்டவில்லை. இன்றும் அவனுக்குக் காணிக்கை செருப்பு. அதைக் கொண்டுபோய் வைக்கிறவன், தன் ஜாதி எது என்ற நினைப்பில்லாமல் வைக்க முடியுமா? நெல்லைச் சீமையில் கொலையுண்டவர் பலர் இப்படித்தான் தெய்வமாகித் தங்கினார்கள். கணியான் மகுடத்தை அடித்து அவர்கள் கதையைப் பாடும்போது கொன்றவனின் ஊரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நடுவே கோமாளித்தனம் வரும், சிரிப்பும் வரும். கணக்கு மட்டும் தீராது.

நம் சினிமா இந்த மண்ணிலிருந்து சாமியாட்டத்தை எடுத்துக்கொண்டது, உடுக்கை எடுத்துக்கொண்டது, எலுமிச்சம்பழத்தைக்கூட விடவில்லை. விட்டுவிட்டது அந்தத் தீராத கணக்கை மட்டும்தான்.