உட்ஸ்டாக்: சோறு போட்டது யார்?

மைக்கேல் வாட்லி இயக்கி 1970ல் வெளிவந்த ‘உட்ஸ்டாக்’ ஆவணப்படத்தை மறுபடியும் பார்த்து முடித்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். ஆஸ்கர் வாங்கியது. படத்தொகுப்பில் தெல்மா ஸ்கூன்மேக்கர், மார்ட்டின் ஸ்கார்செஸி இருவருக்கும் பங்கு உண்டு. திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்துப் பாடகரையும் கூட்டத்தையும் சேர்த்தே காட்டும் உத்தி இன்னும் பழசாகவில்லை. ஆனால் இந்தப் படம் பார்ப்பவர் மனதில் விட்டுச்செல்லும் ஒரு எண்ணத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அன்பும் இசையும் இருந்தால் போதும், 4 லட்சம் பேர் அடிதடி இல்லாமல் மூன்று நாள் ஒன்றாக இருந்துவிடலாம் என்கிற எண்ணம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை தொடங்கிய விழா, 18ம் தேதி திங்கள் காலை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததோடு முடிந்தது. பெயர்தான் உட்ஸ்டாக், நடந்தது நியூயார்க் மாநிலத்தின் பெதல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணையில். முதலில் பேசிவைத்திருந்த வால்கில் ஊர் ஒரு மாதத்துக்கு முன்பு கைவிரித்துவிட்டது. புது இடத்தில் மேடை, வேலி இரண்டையும் முடிக்க நேரமில்லை. மேடையைக் கட்டினார்கள்.

முன்பதிவு செய்தவர்களுக்கு மூன்று நாள் டிக்கெட் 18 டாலர். சுமார் 1,86,000 டிக்கெட் விற்றிருந்தது. வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். வேறு வழியில்லாமல் ‘இனி இலவசம்’ என்று அறிவித்தார்கள். பணத்தைத் துச்சமாக மதித்த தலைமுறை என்ற புராணம் இங்கேதான் பிறக்கிறது. பிறந்த காரணம் போட்டு முடிக்காத வேலி! அதே விழாவில் ‘தி ஹூ’ குழு, பணம் கைக்கு வந்த பிறகுதான் மேடையேறியது.

தொடக்க நாளில் ஆசியுரை வழங்கியவர் நம்ம ஊர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. கோவை பக்கம் செட்டிபாளையத்தில் 1914ல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. பொருள் விஷயத்தில் அமெரிக்கா உலகத்துக்கே உதவுகிறது, இனி ஆன்மிகத்திலும் உதவட்டும் என்ற பொருளில் பேசினார். அடுத்த நாளே அந்தக் கூட்டத்துக்குத் தட்டுப்பாடானது சோறு, தண்ணீர், மருந்து. அத்தனையும் பொருள்தான்.

அப்போ அந்த 4 லட்சம் பேருக்குச் சோறு போட்டது யார்?

‘ஹாக் ஃபார்ம்’ என்ற கம்யூன் ஒன்று. வேவி கிரேவி என்பவரின் தலைமையில் வந்து அடுப்பு மூட்டினார்கள். போதையில் நிலைதடுமாறியவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டதும் இவர்கள்தான். முடி வளர்த்தவனெல்லாம் சோம்பேறி என்றவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. இவர்கள் தவிர, சுற்றுவட்டார மக்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். சாலைகள் அடைபட்டுவிட்டதால் மருத்துவர்கள் ஹெலிகாப்டரில் வந்தார்கள், ராணுவமும் கைகொடுத்தது. வியட்நாம் போரை எதிர்த்த கூட்டத்துக்கு, அதே ராணுவம்!

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சியும் இங்கேதான் வருகிறது. தற்காலிகக் கழிப்பறைகளைக் கழுவும் ஒருவர். முகம் சுளிக்காமல், சிரித்தபடி வேலை செய்கிறார். தன் மகன் ஒருவன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், இன்னொருவன் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறான் என்று சாதாரணமாகச் சொல்கிறார். அந்தக் காலத்து அமெரிக்கா முழுசும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. கொஞ்ச நேரம் அவரோடு நின்ற கேமரா மறுபடி இசைக்கும் சேற்றுக் குளியலுக்கும் போய்விடுகிறது. என் மனத்தாங்கல் இதுதான். உழைத்தவர்கள் இந்தப் படத்தில் இருக்கிறார்கள். ஆனால் விழா அவர்களால்தான் நின்றது என்று படம் நம்மை உணரவிடுவதில்லை.

இதை எங்கே சோதித்துப் பார்க்கலாம்? அதே ஆண்டு டிசம்பர் 6, கலிஃபோர்னியாவின் ஆல்டமாண்ட். ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரி. அதே தலைமுறை, அதே மாதிரிப் பாட்டு, அதே போதை. இங்கேயும் இடம் கடைசி நேரத்தில்தான் முடிவானது. ஆனால் மேடைக்குக் காவலாக நின்றது ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற மோட்டார்சைக்கிள் கும்பல். மேடைக்கு முன்பாகவே 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அறுபதுகளின் கனவு அன்று செத்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் ஒரு தலைமுறையின் மனசு கெட்டுப்போகாது. கூட்டத்தை யார் கையில் ஒப்படைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

உட்ஸ்டாக்கிலும் சாவு உண்டு. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மீது டிராக்டர் ஏறியது. இன்னொருவர் போதைமருந்தால் இறந்தார். அதையும் மறக்க வேண்டாம். ஆனாலும் நாடே கலவரத்தை எதிர்பார்த்த இடத்தில் கலவரம் நடக்கவில்லை. அது பெரிய சாதனை. அந்தச் சாதனையை மொத்தமாக மேடைக்கு எழுதிக்கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

படம் பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரைக் கேளுங்கள். கழிப்பறைக்காரர் வரும்போது மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.