‘நா’: ஒலியும் உறவும்

டச்சு மொழியில் ‘நா’ என்றொரு சொல் உண்டு. தென்சீனத்துக் குவாங்சியில் பேசப்படும் ஜுவாங் மொழியிலும் ‘நா’ உண்டு. ரோமன் எழுத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. நம்மிடமும் ‘நா’ இருக்கிறது. மூன்றையும் முடிச்சுப்போட்டு ‘உலக முதல்மொழி’ என்று எழுத நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? தமிழ் எம்.ஏ. படித்தபோது நானும் இப்படிப் பட்டியல் போட்டவன்தான்.

டச்சில் ‘நா’ என்றால் ‘பிறகு’. ‘அருகில்’ என்ற பழைய பொருளும் சில தொடர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிட்ட இருப்பதுதான் பின்னால் வருவதாகவும் ஆகிறது. ஆங்கில ‘நெக்ஸ்ட்’டும் முதலில் ‘மிக அருகிலுள்ளது’தான்.

ஜுவாங் தாய்லாந்து மொழிக்கு உறவு. தொனி மாறினால் பொருள் மாறும். ‘நா’ ஒரு தொனியில் ‘தடித்த’, இன்னொன்றில் ‘வயல்’, மற்றொன்றில் ‘முகம்’. 1982 எழுத்துத் திருத்தத்துக்குப் பின் தொனியைச் சொல்லின் கடைசியில் ரோமன் எழுத்தாலேயே குறிக்கிறார்கள்: வயலுக்கு இசட், முகத்துக்கு ஜே. ‘தடித்த’வுக்குக் குறி கிடையாது. டச்சுச் சொல்லோடு ஒத்துப்போவது அது ஒன்றுதான். அதுவும் தாளில்தான், வாயில் இல்லை.

தாய்லாந்து மொழியிலும் இந்த மூன்றும் ‘நா’தான், மூன்று தொனிகளில். ஜுவாங்கின் ஒவ்வொரு தொனிக்கும் அங்கே ஒரு தொனி ஒழுங்காக ஈடு நிற்கிறது. மற்ற சொற்களிலும் இதே கணக்கு. உறவென்றால் இதுதான். ஒற்றைச் சொல்லின் முகச்சாயல் உறவாகாது.

இன்னொன்றையும் பார்க்கணும். குவாங்சியில் ஏராளமான ஊர்ப்பெயர்கள் ‘நா’வில் தொடங்குகின்றன, வயலை வைத்து வந்த பெயர்கள். சீன எழுத்தில் இவற்றை ‘அந்த’ என்று பொருள்படும் எழுத்தால் எழுதுகிறார்கள், ஒலிக்காக மட்டும். உழுதவன் வைத்த பெயரில் ஒலி மிஞ்சியது. வரைபடத்தைச் சீனத்தில் படிப்பவனுக்கு வயல் தெரியாது. ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளைக் கைவிடும் காரியத்தை அங்கே அரசு எழுத்து செய்கிறது. இங்கே நம் வேர்ச்சொல் வேட்டைக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள், பெருமையின் பேரால்.

டச்சு ‘நா’வுக்குத் தமிழில் துணை தேடினால் அது ‘நா’ அல்ல, ‘அடுத்து’. அடுத்த வீடு, அடுத்த வருஷம்: அருகில் இருப்பது பின்வருவதாகும் அதே நடை. ஒலியில் ஒட்டில்லை, வம்சத்தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு ஜனங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். யார் மூத்தவன் என்று கேட்காமலே இதில் சந்தோஷப்படலாமே.