யாருடைய நேரத்தில் அந்த இருபது நிமிடம்?

நர்ஸ்களின் வேலை அழுத்தத்தைக் குறைக்க வழி என்ன என்று நர்சிங் கல்லூரியில் கேட்டால் ‘ஜேக்கப்சன்’ என்ற பதில் உடனே வரும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-ல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வுப் பயிற்சி அது. கையை முஷ்டியாக இறுக்கி ஐந்தாறு விநாடி பிடித்திருந்து சட்டென்று விடவேண்டும். பிறகு அரை நிமிடம் போல அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். அப்படியே நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று உடம்பு முழுக்க. இன்று சொல்லித்தரும் சுருக்க வடிவத்துக்கே இருபது நிமிடம் ஆகும். மனவளக்கலை மன்றத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. வேதாத்திரி மகரிஷியின் உடற்பயிற்சி முறையில் வரும் உடல் தளர்த்துதலும் சவாசனமும் இதற்கு நெருங்கிய உறவு.

பயிற்சியில் பலன் உண்டு; அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நர்ஸ் வேலையின் அழுத்தம் உடம்பில்தான் முதலில் ஏறுகிறது. நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஐ.வி. போடக் குனிந்த கழுத்து, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த இடுப்பு, எட்டு மணி நேரம் நின்ற கால். “டாக்டர் எப்ப சிஸ்டர் வருவாரு?” என்று நோயாளியோடு வந்தவர் நாலாவது முறையாகச் சத்தம் போடும்போது வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்த தாடை. இறுகியிருப்பதே தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சமையலுக்கு நிற்கிறார்கள். வேண்டுமென்றே இறுக்கி விட்டுப் பார்க்கும்போதுதான் எங்கே இறுகியிருந்தோம் என்பது தெரிகிறது, மூச்சும் நிதானப்படுகிறது. இதற்குக் காசும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

உலக ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, மருத்துவப் பணியாளர்களுக்கான இத்தகைய தனிநபர் பயிற்சிகளைப் பற்றி 2023-ல் 117 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது. அழுத்தம் குறைகிறது, ஓராண்டு வரை அது நிற்கலாம் என்பது முடிவு. அதற்கு மேல் என்ன ஆகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. 2015-ல் வந்த முந்தைய அறிக்கை இன்னொன்றும் சொன்னது: தளர்வுப் பயிற்சி சும்மா இருப்பதைவிட மேல், ஆனால் வேறொரு பயிற்சியோடு ஒப்பிட்டால் மேலென்று தெரியவில்லை. அப்படியானால் பலனில் ஒரு பங்கு, தன்னையும் ஒருவர் கவனிக்கிறார் என்ற ஆறுதலுக்குச் சேரவேண்டியதாக இருக்கலாம்.

நம் கல்லூரிகளின் முதுகலை ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் முறை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஒரே மருத்துவமனையில் சில பத்து நர்ஸ்களைத் தேர்ந்து, அழுத்தத்தை அளக்கும் வினாத்தாள் கொடுத்து, சில நாள் பயிற்சி தந்து, அதே வினாத்தாளை மறுபடி நீட்டுகிறார்கள். மதிப்பெண் இறங்கினால் பயிற்சி வெற்றி. பயிற்சி பெறாத குழு பல சமயம் இருப்பதில்லை. கேட்பவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்பது பதில் எழுதுபவருக்குத் தெரியும். ஆறு மாதம் கழித்து யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதும் அபூர்வம். வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதை மாற்றிப் பார்த்த ஆய்வேடு எங்கே?

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். 2017-ல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் மணமேல்குடி கடற்கரைப் பக்கமிருந்து அங்கே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கிராமத்துப் பிரசவங்களுக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் மூன்று நர்ஸ்களும்தான் துணை. கணக்குப் போடுங்கள். நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21. ஆளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் மூவரும் சேர்ந்து 18 ஷிப்ட்தான் பார்க்க முடியும். யாரும் காய்ச்சலில் படுக்காத, யார் வீட்டிலும் விசேஷம் வராத வாரத்திலேயே மூன்று ஷிப்ட் இடிக்கிறது. ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் மற்ற இருவர் பாடு சொல்லவேண்டியதில்லை.

இரவு ஷிப்டில் அங்கே நர்ஸ் ஒற்றை ஆள். வலி கண்ட பெண்ணுக்கு அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு எழுதவேண்டும். பிரசவமான பிறகு முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொரு முறை நாடித்துடிப்பு, ரத்தப்போக்கு, கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கிடையே பாம்புக்கடி என்று ஒருவரைத் தூக்கிவருவார்கள். கண்ணை மூடி இருபது நிமிடம் தளர்ந்திருக்க அவருக்கு எந்த இடைவெளி இருக்கிறது? வீட்டில் போய்ச் செய்யச் சொன்னால், அது சம்பளமில்லாத இன்னொரு வேலை.

அமெரிக்காவில் லிண்டா எய்கன் குழுவின் 2002 ஆய்வு, ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால் அந்த நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுவதைக் காட்டியது. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற விகிதத்தைக் கலிபோர்னியா 2004 முதல் சட்டமாக நடத்துகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலும் போதனா மருத்துவமனைக்கு மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனைக்கு ஐந்துக்கு ஒருவர் என்று விகிதம் சொல்கிறது. விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆளும் கேட்கிறது. நம் வார்டுகளில் இரவு டூட்டி பார்த்தவர்களிடம் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள்.

வேலையே நிலையில்லாத கவலை தனி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்கள், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி வந்து, 2017-ல் சென்னையில் போராட்டத்தில் உட்கார நேர்ந்தது. அந்தக் கவலை தசையைத் தளர்த்துவதால் தீராது. பயிற்சி எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் உண்மை. முதுகுவலிக்காரர் இடுப்பை இறுக்கக் கூடாது, சிலருக்குக் கண்ணை மூடியதும் படபடப்பு கூடும்.

ஆகவே பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதை டூட்டி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். அந்த இருபது நிமிடம் வார்டைப் பார்க்க இன்னொரு நர்ஸை நிறுத்துங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்காவது நர்ஸைக் கொடுங்கள். அடுத்த ஆய்வேட்டை எழுதப்போகும் மாணவிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வினாத்தாளோடு அந்த மாத டூட்டி பட்டியலையும் வாங்கி இணையுங்கள்.