இகோர் தண்ணீர் குடிக்கிறது

ஆப்பிரிக்க சஃபாரி போய் வந்தவர்கள் காட்டும் யானைப் படங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. நீளமான டெலி லென்ஸ் மாட்டி, வேனின் கூரையிலிருந்து க்ளிக்கித் தள்ளியிருப்பார்கள். கண், தந்தம், தோல் சுருக்கம் எல்லாம் துல்லியம். யானை நிற்பது காட்டிலா, மிருகக்காட்சிசாலையிலா என்பது மட்டும் தெரியாது.

நிக் பிராண்ட் படங்களில் தெரியும். மைக்கேல் ஜாக்சனின் ‘எர்த் சாங்’ (1995) வீடியோவை இயக்கிய ஆசாமி. கென்யாவின் அம்போசெலியில் டெலி லென்ஸே இல்லாமல், பென்டாக்ஸ் 67 ஃபிலிம் கேமராவில், கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். ஒரு ரோலுக்குப் பத்தே படம். ஜூம் இல்லையென்றால் நெருங்க வேண்டும். அதற்கு யானை சம்மதிக்க வேண்டும். காத்திருந்ததற்குப் பலன், யானையோடு வானமும் புழுதியும் சேர்ந்து கிடைக்கிறது. 2004-ல் எடுத்த ஒரு படத்தில் யானையின் தலையைச் சுற்றிப் புழுதி வெடிக்கிறது. நமக்கே தும்மல் வரும்.

இருந்தும் எனக்கு ஒரு குறை. ‘ஆன் திஸ் எர்த்’ (2005), ‘எ ஷேடோ ஃபால்ஸ்’ (2009) இரண்டிலும் மனிதனே கிடையாது. அம்போசெலி பூங்கா 392 சதுர கி.மீ.தான். யானைகள் பாதி நேரம் மேய்வது சுற்றியுள்ள மாசாய் மக்களின் நிலத்தில். அந்த ஜனங்கள், அவர்கள் மாடுகள், டூரிஸ்ட் வேன்கள் எல்லாவற்றையும் ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, ஆதாமுக்கு முந்தைய பூமி மாதிரி காட்டுகிறார். அழகுதான். ஆனால், யானையைக் கொல்கிறவனும் காக்கிறவனும் அந்த ஃப்ரேமுக்கு வெளியேதானே இருக்கிறார்கள்?

2007-ல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் தண்ணீர் குடிக்கும் ஆண் யானையின் பெயர் இகோர். 2009-ல் தந்தத்துக்காகக் கொன்றுவிட்டார்கள். வயது 49. மறு வருஷமே பிராண்ட், ரிச்சர்ட் பான்ஹாமுடன் சேர்ந்து ‘பிக் லைஃப்’ அமைப்பைத் தொடங்கி வேட்டைத் தடுப்புக் காவலர்களை வேலைக்கு வைத்தார். அப்புறம்தான் மனிதன் படத்துக்குள் வருகிறான். ‘அக்ராஸ் தி ராவேஜ்டு லேண்ட்’ (2013) புத்தகத்தில் ஒரு காவலர், கொல்லப்பட்ட யானையின் இரண்டு தந்தங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தந்தம் அவரைவிட உயரம். யானையே இல்லாத இதுதான் பிராண்டின் மிகச் சிறந்த யானைப் படம் என்பேன்.

‘இன்ஹெரிட் தி டஸ்ட்’டில் (2016) இன்னும் ஒரு படி போனார். மிருகங்களின் பழைய படங்களை ஆளுயரத்துக்கும், யானையை யானை உயரத்துக்கும் அச்சிட்டு, ஒரு காலத்தில் அவை திரிந்த இடங்களில் நிறுத்தி மறுபடி படமெடுத்தார். ஒன்றில் குப்பை மேட்டில் யானை நிற்கிறது. சுற்றிலும் குப்பை பொறுக்குகிறவர்கள். அவர்களுக்கு அவரவர் பிழைப்பு.

எல்லாமே கனமான, விலை கூடிய புத்தகங்கள். யாரிடமாவது ஓசி வாங்க முடிந்தால் மூன்றாவதிலிருந்து ஆரம்பியுங்கள்.