குவியலுக்குள் என்ன இருந்தது? 'இன்று நேற்று நாளை'க்கு ஒரு முன்கதை

போன டிசம்பர் லீவுக்குக் கீழவைப்பார் போயிருந்தபோது டிவியில் 'இன்று நேற்று நாளை' ஓடியது. எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டே பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கருணாகரன் போலி ஜோசியராக உட்கார்ந்து, தொலைந்த பொருள் எங்கே கிடக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கும் இடம். "இதுக்கு எதுக்குய்யா மிஷின்? அந்தோணியார்ட்ட வேண்டிக்கிட்டா போதாதா?" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். (படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும், கதை கொஞ்சம் வெளியே வந்துவிடும்.)

2015ல் ஆர். ரவிகுமார் எடுத்த முதல் படம் இது. 2065ல் செய்த கால இயந்திரம் ஒன்று 2015க்கு வந்து சேர்கிறது. கிடைப்பது யாருக்கு? வேலைக்குப் போகாமல் தொழில் தொடங்கக் கடன் தேடும் இளங்கோவுக்கும், ஜோசியம் தெரியாத ஜோசியர் புலிவெட்டி ஆறுமுகத்துக்கும். டைனோசர் பார்க்கலாம், ராஜராஜனைப் பார்க்கலாம். இவர்கள் நேற்றுத் தொலைந்ததைத் தேடப் போகிறார்கள்! தமிழில் கால இயந்திரம் வைத்து யோசித்த சிரிப்புகளிலேயே இதுதான் பெரியது என்பது என் கட்சி. நம்ம ஊரில் மை போட்டுப் பார்ப்பது, குறி கேட்பது, அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் எந்தத் தேவைக்கு இருக்கிறதோ, அதே தேவைக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார் ரவிகுமார்.

இரண்டாம் பாகம் எடுப்பதாகப் பின்னால் அறிவிப்பு வந்தது. எனக்கு வேண்டியது இரண்டாம் பாகம் இல்லை. பிரீக்வெல் என்கிறார்களே, அந்த முன்கதை. அதுவும் சிரிப்பாக.

ஏன் என்று சொல்ல என் பிழைப்பிலிருந்து ஒரு விஷயத்தை இழுக்க வேண்டியிருக்கிறது. சர்வரில் ஒரு ஃபைலைத் திறக்க இரண்டு வித அனுமதி உண்டு. படிக்க மட்டும், அல்லது படிக்கவும் எழுதவும். படிக்க மட்டும் அனுமதி உள்ளவனால் எதையும் கெடுக்க முடியாது. எழுத அனுமதி கொடுத்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையாவது மாற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். நாம் சனிக்கிழமை ராத்திரி விழித்திருக்க வேண்டும்.

இந்தப் படத்தின் முதல் பாதி படிக்க மட்டும். போகிறார்கள், பார்க்கிறார்கள், திரும்பி வந்து சொல்கிறார்கள். நகை தொலைந்தது தொலைந்ததுதான், எங்கே கிடக்கிறது என்ற தகவல் மட்டும் நிகழ்காலத்துக்கு வருகிறது. அதனால்தான் அங்கே நிம்மதியாகச் சிரிக்க முடிகிறது. பிறகு ஒரு பயணத்தில் இவர்கள் கை பட்டு, போலீஸ் என்கவுண்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு பிழைத்துக்கொள்கிறான். அங்கே எழுதும் அனுமதி வந்துவிட்டது. அதிலிருந்து படம் பரபரப்பாகிறது, பழையதைச் சரிசெய்ய ஓட்டம் ஆரம்பிக்கிறது. நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் ஆறுமுகத்தின் கடை மூடிவிட்டது. இரண்டாம் பாதியில் அவர் வெறும் கூட்டாளி. எனக்கு இது ஒரு நஷ்டமாகவே படுகிறது.

'எழுதினாலும் சிரிக்கலாமே, மார்க் ஆண்டனி இல்லையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023ல் வந்த அந்தப் படத்தில் ஒரு போனைச் சுழற்றிக் கடந்த காலத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அங்கே சிரிப்பு எஸ்.ஜே. சூர்யாவின் தொண்டையிலிருந்து வருகிறது. போனை எடுத்துவிட்டு அவரை மட்டும் வைத்தாலும் பாதிப் படம் ஓடும். விக்ரம் குமாரின் '24' படத்தில் (2016) தொடக்கமே 1990ல் நடக்கும் முன்கதைதான். விஞ்ஞானி கடிகாரத்தைக் கண்டுபிடிக்கிறார், வில்லன் அண்ணன் வருகிறார், குழந்தை தப்பிக்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்திலும் சிரிப்பு வராது. கண்டுபிடித்தவனை வைத்து முன்கதை சொன்னால் இப்படித்தான் ஆகும். அவன் மேதை, அவனுக்குத் துயரம் இருக்கும், பின்னணியில் வயலின் வாசித்தே ஆகவேண்டும்.

முன்கதையின் இயல்பைப் பாருங்கள். முடிவு ஏற்கெனவே தெரியும். யார் உயிரோடு இருப்பார், யார் யாரைக் கல்யாணம் பண்ணுவார் எல்லாம் முதலில் வந்த படத்திலேயே எழுதியாகிவிட்டது. முன்கதை எழுதுகிறவர் அதில் கை வைக்க முடியாது. அதாவது அவருக்கும் படிக்க மட்டும்தான் அனுமதி! இரண்டாம் பாகத்தில் பதற்றம் காட்டலாம், முன்கதையில் பதற்றம் காட்டினால் பொய். அங்கே மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு கோணலாக எப்படி ஆச்சு? அது சிரிப்புக்கான கேள்வி.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 'டைம் மெஷின்' நாவலை வெளியிட்டது 1895ல். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1888ல், மாணவர் பத்திரிகை ஒன்றில் 'தி க்ரானிக் ஆர்கோநாட்ஸ்' என்று ஒரு தொடர் எழுதினார். முடிக்கவில்லை. அதில் நெபோகிப்ஃபெல் என்ற விஞ்ஞானி வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் வந்து தங்குகிறார். வீட்டுக்குள் என்னமோ சத்தம், வெளிச்சம். ஊர்க்காரர்கள் மந்திரவாதி என்று முடிவுகட்டிக் கும்பலாக வந்துவிடுகிறார்கள். நாவலாக வந்தபோது கிராமமும் போச்சு, கும்பலும் போச்சு. எனக்கென்னவோ அந்தக் கும்பல்தான் பிடிக்கிறது. இயந்திரத்தை ஊர் எப்படிப் பார்த்தது என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது.

அப்படியென்றால் நான் கேட்கும் முன்கதை எங்கே நடக்க வேண்டும்? சொந்த ஊர்ப் பாசம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. 1961, தூத்துக்குடி. 1955ல் தொடங்கிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்த வருஷம். அதற்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், மணப்பாடு என்று கரை நெடுகிலும் முத்துக்குளிப்பை நம்பி வாழ்ந்த ஊர்கள். கல்லைக் காலில் கோத்து இறங்குவார்கள். மேலே கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்கப் பொறுக்கமாட்டான் என்பது கணக்கு. அந்தக் காலத்தில் சுறாவைக் கட்டிப்போட மந்திரக்காரர்களும் உண்டு. கடல்கட்டி என்று பெயர். வெள்ளைக்காரச் சர்க்காரே அவர்களுக்குக் கூலி கொடுத்திருக்கிறது. சுறா வந்து கடித்தால் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ! புலிவெட்டி ஆறுமுகத்துக்கு ஒரு தாத்தா இருந்திருந்தால் அவர் கடல்கட்டியாக மட்டுமே இருக்க முடியும்.

இதையெல்லாம் விட முக்கியம் ஏலம். சிப்பியைத் திறந்து பார்த்து விற்பதில்லை. எடுத்துவந்த சிப்பியைக் கரையில் பங்கு பிரிப்பார்கள், சர்க்காருக்கு இரண்டு பங்கு, குளித்தவனுக்கு ஒன்று என்பது நெடுநாள் வழக்கம். அதன்பிறகு ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று மூடினபடியே ஏலம். வாங்குகிறவன் அழுகவைத்துக் கழுவிப் பார்க்கும்வரை உள்ளே என்ன என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆயிரம் சிப்பியில் ஒன்றுமே இல்லாமலும் போகும். கால இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை உலகத்தில் உண்டா? எந்தக் குவியல் நல்ல குவியல் என்று நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற போலி ஜோசியர். ஆனால் அவர் வாங்கவும் முடியாது, வாங்கினால் வரலாறு மாறிவிடும், பேரன் ஆறுமுகம் பணக்காரனாகிவிடுவான், 2015 படம் நடக்காது. எல்லாம் தெரிந்தும் ஒரு சிப்பியைக்கூட எடுக்க முடியாமல் கரையில் நிற்கிற மனுஷன். ரவிகுமார் அல்லது வேறு யாராவது எடுக்கட்டும், டிக்கெட் நான் வாங்குகிறேன்.

இந்த யோசனையை அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அவளுடைய ஐயா, என் தாத்தா, அந்த அறுபத்தொன்றில் குளித்தவர். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்.

"எங்க ஐயா கடைசி நாள் பங்கை வீட்டுக்குக் கொண்டாரலைய்யா. கரையிலயே ஒரு ஏவாரிக்கு மூடுனபடி குடுத்துட்டு வந்துட்டாரு. அரிசிக்கு ஆவும்னு. அதுல என்ன இருந்திச்சோன்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாரு."

"மிஷின் கெடைச்சா போய் வாங்கிட்டு வந்துருவோமா?" என்றேன்.

"வாங்க வேண்டாம். அரிசி வாங்குனது வாங்குனதாவே இருக்கட்டும். தொறந்து பாத்துட்டு, மூடி வச்சிட்டு வந்து சொல்லு."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டிவியில் விளம்பரம் முடிந்து ஆறுமுகம் மறுபடி வந்திருந்தார்.