புல எண் தெரிந்தவர்களுக்கு மட்டும்

தமிழ்நாட்டில் மனை வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வில்லங்கம். அதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, தேட வேண்டிய ஆண்டுகளுக்கெல்லாம் கட்டணம் கட்டி, நாள்கணக்கில் நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே காசில்லாமல் பார்த்துவிடலாம். ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்கத் துணிகிறவனுக்கு இது பெரிய இடைஞ்சல். ஆனாலும் இந்தக் கதவு அலுவலகத்தின் பக்கமிருந்து பார்த்துப் பொருத்தப்பட்டது என்பதே என் குறை.

மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று திரை வரிசையாகக் கேட்கிறது. தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் புல எண்ணில் திணறுவார். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்றால்தான் தாலுகா ஆபீசில் புரியும், பல ஊர்களில் எண்கள் மாறிவிட்டன. பிறகு பாகப்பிரிவினைகளால் உட்பிரிவுகள் பெருகின. பழைய எண்ணைக் கொடுத்தால் பதிவு ஏதும் இல்லை என்று வரலாம். வில்லங்கமே இல்லாத நிலத்துக்கும் அதே பதில்தான். தப்பாகக் கேட்டவர் நிம்மதியாக முன்பணம் கொடுத்துவிடுவார். பதிவு செய்யாத உயிலும் வாரிசுரிமையும் இதில் வராது என்பது தனிக் கதை.

இதற்குத்தானே பத்திர எழுத்தரும் இ-சேவை மையமும் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள், அப்படியானால் இடைத்தரகு இடம் மாறியிருக்கிறது, ஒழியவில்லை. அடுத்த ஆட்சேபம் கனமானது: தேடலை எளிதாக்கினால் யார் சொத்தையும் யாரும் துழாவலாமே? ஆனால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம் என்கிறது; உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்துக்கு அந்த உரிமையைத் தரவில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று சட்டம் ஏற்கெனவே எடைபோட்டிருக்கிறது. ஒருவரின் பெயரைப் போட்டு மாநிலம் முழுக்கத் தேட விடுவது வேறு. அதை நானும் ஏற்கமாட்டேன். புல எண் என்ற பூட்டோ நிலத் தரகரைத் தடுப்பதில்லை. எண்கள் அவருக்கு மனப்பாடம். வெளியே நிற்பவர் நிலத்தின் சொந்தக்காரர்தான்.

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தகவலை வெளியிடும்போது செலவையும், உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எடுபடும் வழியையும் கருதச் சொல்கிறது. மொழியில் குறையில்லை, திரை தமிழில் பேசுகிறது. அது கேட்கும் கேள்விதான் அலுவலகத்தினுடையது. ராஜஸ்தானில் 2019இல் தொடங்கிய ஜன் சூச்னா தளத்தில் ஊராட்சியையோ ரேஷன் கடையையோ தேர்ந்தால் அதன் விவரம் வருகிறது. கூலிப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துக் கணக்குக் கேட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அதை வடிவமைப்பதில் பங்கெடுத்தது. மக்கள் எதை வைத்துக் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இங்கே பழைய எண்ணை வைத்தே தேட விடுவதற்குப் புதிதாக எதையும் தொகுக்க வேண்டியதில்லை. வருவாய்த்துறையின் இணையதளத்தில் கிடைக்கும் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பார்க்கவும் முதலில் புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும்.