முகம் எழுதாத பாவை

சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது கொல்லிமலையின் மேற்குச் சரிவு. சங்கப் புலவர்கள் கொல்லிப்பாவை என்ற மாயப் பெண்ணுருவை நிறுத்தி வைத்ததும் அந்தப் பக்கத்தில்தான். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அவள் இருப்பிடம் வரும்போதெல்லாம், பாடுவது கபிலரோ பரணரோ பெயர் தொலைந்த புலவரோ, ‘குட’, அதாவது மேற்கு, என்ற திசை கூடவே வந்துவிடுகிறது. பாவை எங்கோ ஒரு மாயலோகத்தில் இல்லை. மலையின் மேற்கு முகத்தில், நாமக்கல் சமவெளியைப் பார்த்தபடி இருக்கிறாள். மாயத்துக்குத் திசை குறித்துத் தந்த இந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஷானன் மெக்வயர் 2009-இல் தொடங்கிய ‘அக்டோபர் டே’ நாவல் வரிசை இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து மனிதர்களுக்கு நடுவே அணங்குகளும் மாயப் பிறவிகளும் ஒளிந்து வாழும் கதை. அதன் நாயகி மந்திரம் செய்தால் அறுத்த புல்லின் வாசமும் செம்பின் வாசமும் எழும். தொகுதிக்குத் தொகுதி அந்த வாசம் வரும்போது, அது வாசகருக்குப் பழகிய வாசம் ஆகிவிடுகிறது. பல புத்தகங்களாக ஓடும் மாயக்கதையின் சுவை இப்படிப்பட்ட சின்ன விவரங்களில்தான் தங்குகிறது. நம்மிடமும் அப்படி ஒரு வரிசை உண்டு, இந்தப் பாவைப் பாட்டுகள். ஆனால் அதை எழுதியது ஒருவர் அல்ல, பலர். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் தொடுகிறார். பாவை யார் என்று எவரும் விளக்குவதில்லை; கேட்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையிலேயே பாடுகிறார்கள்.

நற்றிணை 185-ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. காதல் நோய் முற்றிய ஒருவன், என் துயரத்தைக் கண்ணால் கண்டும் உதவாமல் இருக்கிறாயே என்று நோகிறான். நேராகப் பாவைக்குப் போயிருக்கலாம். புலவர் போகவில்லை. முதலில் ஒரு பாதையைக் காட்டுகிறார். பாறைமேல் ஒடுங்கிய பாதை. அது தேய்ந்திருக்கிறது. தேய்த்தவை குதிரைக் குளம்புகள். அந்தக் குதிரைகள் பாணர்கள் பரிசாகப் பெற்றவை. பிடரிமயிர் விரிந்து கிடப்பவை. இல்லாதவர்கள் அந்த வழியில் சோர்வில்லாமல் ஏறுகிறார்கள். மலைக்கு உடைய சேரன் பொறையனின் வள்ளன்மையைப் பற்றித் தனியாக ஒரு புகழுரை தேவைப்படவில்லை, பாறையின் தேய்மானமே சொல்லிவிட்டது. நடந்து ஏறியவர்கள் குதிரையில் இறங்கியிருக்கிறார்கள், அதுவும் கல் தேயுமளவுக்கு எத்தனையோ பேர். பிறகு அகன்ற இலைக் காந்தள், ஆடும் பூங்கொத்து, அதில் பாயும் தேனீ, அது கட்டிய பல கண் கொண்ட தேன்கூடு, கூடு தொங்கும் உயர்ந்த பாறை. இவ்வளவுக்கும் பிறகுதான், தெய்வம் தீட்டிய பாவை. வந்த வேகத்தில் அவளைப் போன்றவள் என்னைக் கொல்ல நினைத்துவிட்டாளே என்ற புலம்பலோடு பாட்டு முடிந்துவிடுகிறது.

தேய்ந்த கல்லையும் தேன்கூட்டையும் நம்பியவன் பாவையையும் நம்பிவிடுகிறான். இன்று மலையடியிலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுவதும் மலையின் இந்தப் பக்கமாகத்தான்.

குறுந்தொகை 89-இல் பரணர் இதைவிடத் துணிச்சலான காரியம் செய்கிறார். பாட்டு தொடங்குவது உரலில். அகன்ற அடியுள்ள உரல், அதைச் சுற்றி வள்ளைப்பாட்டு, அந்தப் பாட்டைப் பற்றி அயலாரின் பேச்சு. ஒரு சின்னப் பெண் தன் மனத்தில் இருப்பவனின் பெயரைப் பாடிக்கொண்டு குற்றினால் இந்த அறிவில்லாத ஊருக்கு என்ன குறைந்துவிட்டது என்று தோழி கேட்கிறாள். இந்த வீட்டுவாசல் வம்புக்குள், அச்சம் முற்றிய கொல்லிமலையும் அதில் தெய்வம் எழுதிய பாவையும் வந்து அமர்கின்றன. உலக்கை பிடித்த கைக்காரிக்கு உவமை அணங்கு! ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவையை எழுதிய தெய்வத்தின் கண்ணுக்கு இந்தப் பாட்டில் அடைமொழி உண்டு. பாவையின் கண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் இங்கே எடுத்துப் பேசும் எந்தப் பாட்டிலும் அவளுடைய கூந்தல், உயரம், உடை, நிறம் எதுவும் இல்லை. நல்ல இயல்பு, அழகிய உருவம், மடமை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். தன் காதலியின் முகத்தை அங்கே வைத்துக்கொள்ளக் கேட்பவனுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அவளைச் செய்தது யார் என்பதிலும் ஒருமித்த பேச்சு இல்லை. ஒருவருக்குத் தெய்வம் தீட்டியவள், இன்னொருவருக்குப் பூதம் செய்தவள், மற்றொரு பாட்டில் யாரும் செய்யாமல் இயல்பாகவே இருப்பவள். வேறுபாடுகளைச் சரிசெய்ய எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் முயலவில்லை. அது பெரிய நல்லூழ்.

பூதத்தைச் சொல்வது நற்றிணை 192. புலி திரியும் மலைவழியில் இரவில் வராதே என்று தடுப்பவளுக்குத் தலைவன் விடை சொல்கிறான். கொல்லியின் குடவரைப் பாவை இளவெயிலில் தோன்றியதுபோன்ற உன் அழகை நினைத்துக்கொண்டு வந்தால் வழியே எனக்குக் காவல் என்கிறான். இளவெயில் என்றால் காலை வெயில் என்றுதான் மனம் கொள்கிறது. ஆனால் மேற்குச் சரிவில் காலை வெயில் உடனே விழுவதில்லை. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி உச்சியைத் தாண்டும் வரை, சமவெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பக்கம் நிழலாகவே கிடக்கும். அங்கே நிற்கும் பாவைமேல் முதல் வெயில் படுவது காத்திருந்து கிடைக்கும் காட்சி. இருட்டில் நடக்கப்போகிறவன் அந்த வெளிச்சத்தை உவமையாக எடுத்தது எவ்வளவு பொருத்தம்! புலவர் இதையெல்லாம் எண்ணித்தான் பாடினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. மலையைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரருக்குப் பாட்டு இப்படித் திறந்துகொள்கிறது.

பரணரின் நற்றிணை 201 இந்த வரிசையின் சிகரம். எட்டாதவள், கட்டுக்காவலில் இருப்பவள், சொன்னதற்குப் பதிலும் சொல்லாதவள், அவளை நினைக்காதே என்று நண்பன் அறிவுரை சொல்லியிருக்கிறான். காதலன் மறுத்து வாதாடவில்லை. சிவந்த வேருள்ள பலாமரம் காய்க்கும் கொல்லியையும் அதன் வெள்ளருவியையும் நினைக்கிறான். பிறகு அடுக்குகிறான்: காற்று மோதி இடித்தாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து விழுந்தாலும், வேறு தீங்குகள் பல வந்தாலும், நிலமே அதிர்ந்தாலும். அடிக்கு அடி ஆபத்து பெரிதாகிறது. எல்லாவற்றுக்கும் பிறகு பாவை அப்படியே இருக்கிறாள். அவளைப்போல இவளும் என் நெஞ்சைவிட்டுப் போகமாட்டாள். மற்றப் பாட்டுகளில் பாவை அழகுக்கு உவமை, இங்கே நிலைப்புக்கு. ஐந்து இடர்களைத் தாங்கிய பிறகும் அந்தக் குரலில் பதற்றமே இல்லை.

மலைக்கு உடையவர் யார் என்பதில் இந்த வரிசைக்குள் ஒரு வரலாறும் ஓடுகிறது. குறுந்தொகை 100-இல் கபிலர் கொல்லியை வல்வில் ஓரியின் மலை என்கிறார். அருவிநீர் பரவும் இடத்தில் ஐவன நெல் விதைத்து, மலைமல்லிகையையும் மரலையும் களையாகப் பிடுங்கி எறியும் சிற்றூர். வேலியே காந்தள். பசித்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுவார்கள். அங்கே தந்தம் ஒருவேளைச் சோற்றுக்கான பொருள், மல்லிகை களை. பரணரோ இதே மலையைப் பொறையனுடையது என்கிறார். இடையில் நடந்தது என்ன என்பதை அகநானூறு 209-இல் கல்லாடனார் சொல்கிறார். முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பலாவையும் பாவையையும் சொல்கிறார். மலையை ஆள்பவன் மாறினான், பலா காய்த்துக்கொண்டிருக்கிறது, பாவை நிற்கிறாள். கல்லாடனார் ஓரிக்காக ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் அவன் புகழ் அழியாதது என்று மறக்காமல் குறிக்கிறார். இன்றும் மலைமேல் செம்மேட்டில் ஓரியின் சிலை நிற்கிறது, ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா நடக்கிறது.

பிற்காலத்தில் பாவையின் கதை வளர்ந்தது. முனிவர்களைத் துன்புறுத்தும் அசுரர்களை மயக்க வைக்கப்பட்டவள், சிரித்தே கொல்பவள் என்றார்கள். மலையில் இன்று எட்டுக்கை அம்மனாக அவளை வணங்குகிறார்கள். புலவர்கள் ஒரு கையைக்கூட வருணிக்காத இடத்தில் மக்கள் எட்டுக் கைகள் கொடுத்திருக்கிறார்கள். பயத்தோடும் பாசத்தோடும் தந்த கைகள் அவை. அந்தச் சிரிப்பின் கதையும் எனக்குப் பிடித்ததுதான். ஆனால் இந்தப் பழம்பாட்டுகளில் அவள் சிரிப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. கொல்ல நினைத்தவள் என்ற பழி நற்றிணை 185-இல் அந்த மானிடப் பெண்மேல்தான் விழுகிறது. பிற்காலக் கதையின் விதை அங்கே கிடந்ததோ என்று தோன்றும்.

அகநானூறு 62-இலும் பரணர்தான். மற்றக் காதலர்கள் ஏங்குகிறார்கள், இந்தப் பாட்டின் காதலனுக்கு மட்டும் நேற்று அவன் காதலி கிடைத்திருக்கிறாள். காவிரிப் பெருவெள்ளத்தின் சுழியில் நீராடுகிறவள் போல வந்து, அவன் நடுக்கம் தீர அணைத்துக்கொண்டாள். உடனே அவளுக்கு உவமை கொல்லிப்பாவை. நாமக்கல் மண்ணுக்குத் தெற்கிலும் மேற்கிலும் காவிரி, கிழக்கில் கொல்லி. இரண்டையும் ஒரு பெண்ணுக்காகப் பரணர் ஒரே பாட்டில் சேர்த்துவிட்டார். காற்றுக்கும் இடிக்கும் அசையாதவள் என்று தானே பாடிய பாவையை, வெள்ளத்தில் துணிந்து இறங்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறார். அசையாததும் பாய்வதும் அவளிடம் சேர்ந்திருக்கின்றன. பாவைப் பாட்டுகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் நற்றிணை 201-ஐ முதலிலும் இதை அடுத்தும் படித்தால், பரணர் ஒரே உவமையை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறார் என்பது நன்றாகத் தெரியும்.